கொரியக் கஷாயத்தில் இருந்த சொல்

பத்தே நாளில் ஜெயசித்ரா நாலு கிலோ இளைத்திருந்தாள். இரண்டு வருஷமாகச் சேராத ரவிக்கை அன்று காலை சேர்ந்தது. அந்த சந்தோஷத்தில் உறுவையாற்றில் இருந்த தன் வீடு முழுக்க ஒட்டடை அடித்து, போர்வைகளைத் துவைத்துப் போட்டும் அவளுக்கு அலுக்கவில்லை.

"பிரியா, பாருடி, கொக்கி மாட்டுது!"

நாத்தனார் பிரியதர்ஷினி கல்லூரி மாணவி. கொரியத் தொடர் பார்க்கும் ஆசையில் மூன்று மாதமாக அந்த எழுத்தைப் பழகிவந்தாள். உடம்பு இளைக்க அண்ணி வாட்ஸ்அப் குழுவில் வாங்கிக் குடிக்கும் கொரிய மூலிகைக் கஷாய பாக்கெட் கையில் கிடைத்ததும் குதித்தாள்.

"அண்ணி, இத நான் படிக்கிறேன்! கம்... சோ!" செல்போனில் தேடினாள். "அதிமதுரமாம்!"

"அட, நம்ம ஊர் சரக்குதான்!" இருவரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

"அடுத்தது... ம... ஹ்வாங்."

செல்போனில் வந்ததைப் படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கியது. இதயத்தை வேகமாக ஓட்டும், பிரஷரை ஏற்றும் செடி அது. கொரியாவிலேயே வைத்தியர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

"பிரஷர் மாத்திர போடுறீங்கல்ல?"

"எளைச்சா பிரஷர் தானா போயிடும்னு குரூப்புல சொன்னாங்க. மாத்திரய நிறுத்திட்டேன்."

"நெஞ்சு படபடன்னு அடிக்குதா?"

"அடிக்குது. சந்தோஷத்துலன்னு நெனச்சேன்."

அடுத்த நிமிஷமே ஸ்கூட்டி வில்லியனூருக்குப் பறந்தது. ஆஸ்பத்திரியில் பிரஷர் நூற்றெண்பதைக் காட்டியது. இ.சி.ஜி. எடுத்து, மாத்திரை கொடுத்து, படுக்க வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் படபடப்பு அடங்கியது.

"மூலிகைதானே, ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன் டாக்டர்."

"மூலிகையும் மருந்துதாம்மா. அங்க நாடி பாத்து, பிரஷர் பாத்து, ஆளுக்குத் தகுந்தா மாதிரி கொடுப்பாங்க. உங்கள யார் பாத்தா?" பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார் டாக்டர். "இத யார் படிச்சது?"

"நான்தான்!" பிரியாவுக்கு முகமெல்லாம் சிவந்தது.

ஜெயசித்ரா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "குரூப்புல இன்னும் பதினோரு பேரு வாங்கியிருக்காங்கடி!"

இரண்டு செல்போனிலும் மாறி மாறி அழைத்தார்கள். பத்துப் பேர் கிடைத்தார்கள். மடுகரையில் இருந்த செல்லக்கண்ணு மட்டும் எடுக்கவில்லை. நாலாவது முறை எடுத்தாள்.

"இன்னாடி இத்தினி வாட்டி? இப்பதான் டம்ளர்ல ஊத்தினேன்..."

"குடிக்காத! கீழ ஊத்து!" இருவரும் கத்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"கீழ ஊத்திட்டேன், ஊத்திட்டேன். இன்னா ஆச்சு, சொல்லு!"