ஏவந்தியாவைத் தோண்டிய காலை

எங்கள் தீவில் மூன்று வருடத்துக்கு மேல் யாருக்கும் மண் சொந்தமில்லை. அதற்குள் உடல் கரைந்துவிட வேண்டும். எலும்பை எடுத்து ஒயினில் கழுவி, பெட்டியில் வைத்து, கல்லறைத் தோட்டத்துச் சின்னக் கோயிலில் அடுக்கிவிடுவோம். எலும்பு சுத்தமாக வந்தால் ஆன்மா அடங்கிவிட்டது என்று நிம்மதி. கரையாமல் வந்தால், யாரோ இன்னும் மன்னிக்கவில்லை என்பார்கள்.

என் மனைவி ஏவந்தியாவின் முறை செப்டம்பரில் வந்தது.

வெளிநாட்டுக்காரர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டுவதுதான் அவள் வேலை. வெனிஸ்காரர்கள் கட்டிய வாசல், மழைநீர்த் தொட்டி, கண்கள் சுரண்டப்பட்ட புனிதர்களின் சுவர்ச் சித்திரங்கள். ஒரு மழைநாளில் கடைசிப் படகில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. போகாதே என்றேன். "நாளைக்குக் காலைல கிளம்பிடுவாங்க. பாவம், அப்புறம் எப்ப பாப்பாங்க?" என்று சொல்லிவிட்டுப் போனாள். வடக்கு மதிலில் கால் வழுக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் நகராட்சி கோட்டைக்குச் சிமெண்டுப் பாதை போட்டது, கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டியே.

தோண்டுகிற அன்று அவளுடைய தங்கை ஸம்பேத்தா வெள்ளைத் துணி விரித்த பெட்டியோடு வந்திருந்தாள்.

"ஒயின் எங்க அத்தான்? வர்ற வழியில குடிச்சிட்டீங்களா?"

"மிச்சம் வச்சிருக்கேன்."

"அக்கா இருந்திருந்தா வாய மோந்து பாத்திருப்பா."

இசிதோரஸ் சாமி ஜெபத்தைத் தொடங்கினார். குழிவெட்டி மிக்கேஸ் தோண்டினான். இடுப்பளவு போனதும் மண் கறுப்பாக, ஈரமாக வந்தது. பிறகு வாடை. அவன் மண்வெட்டியை நிறுத்திவிட்டுச் சாமியைப் பார்த்தான். சாமி குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அவளுடைய நீலச் சட்டை அப்படியே இருந்தது. மற்றதை எழுத மாட்டேன்.

ஸம்பேத்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யாருக்கு மனசு ஆறல? சொல்லுங்க. எல்லாரும் வாய் திறந்து சொல்லுங்க."

"சிமெண்டும்மா," என்றான் மிக்கேஸ். "பாதை போட்டதுலேருந்து மழைத்தண்ணி பூரா இந்தப் பக்கம்தான் இறங்குது. மண்ணு என்ன பண்ணும்?"

"நீ மொதல்ல மன்னிச்சேன்னு சொல்லு."

"ஒருதடவ உங்கக்கா என் கழுதைய கோட்டை மேல ஏத்திட்டு, இறக்க மறந்துட்டு வந்துட்டாங்க. அது கத்தின கத்துல ராத்திரி பூரா ஊரே தூங்கல." அவன் தொப்பியைக் கழற்றினான். "மன்னிச்சேன். கடவுளும் மன்னிக்கட்டும்."

சாமி சொன்னார். ஸம்பேத்தா அழுதுகொண்டே சொன்னாள். பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பாதையில் ஒரு கூட்டம் ஏறி வந்தது. முன்னால் புதிய வழிகாட்டிப் பெண், கையில் மஞ்சள் குடை. சுவருக்கு மேலாக எங்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி என்னவோ விளக்கினாள். ஒருவன் போனைத் தூக்கினான். பக்கத்தில் நின்ற பெண் அவன் கையைப் பிடித்து இறக்கினாள். வழிகாட்டி அடுத்து வடக்கு மதிலைச் சுட்டிக் காட்டினாள். எல்லாத் தலைகளும் அங்கே திரும்பின. கோட்டையின் கதையில் வெனிஸ்காரர்களோடு என் மனைவியும் சேர்ந்துவிட்டாள் என்று புரிந்தது.

"சொல்லிடுங்க பந்தெலி," என்றார் சாமி மெதுவாக. "ஒரு வார்த்தைதானே."

"அவங்க நாளைக்குப் போயிடுவாங்கன்னு போனா, சாமி. நான் நாளைக்கும் இங்கதான இருப்பேன்? அத அவ நெனச்சுப் பாத்தாளா?"

"அத்தான், அவ அங்க அப்படிக் கெடக்கா," என்றாள் ஸம்பேத்தா.

நான் வடக்கு மதில் பக்கம் திரும்பி நின்றேன்.

"மூடிடு," என்றார் சாமி மிக்கேஸிடம். "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்."

ஸம்பேத்தா ஒயினைக் குழியில் ஊற்றினாள். வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்தான், இன்றுவரை என்னோடு பேசவில்லை. சிமெண்டுதான் காரணம் என்று மிக்கேஸ் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். யாரும் நம்புவதில்லை. மழை பெய்தால் நான் போய் ஏவந்தியாவின் தலைமாட்டில் தேங்கும் தண்ணீரைத் தகரக் குவளையால் இறைத்து வெளியே ஊற்றுகிறேன். அந்த வார்த்தை மட்டும் இன்னும் வரவில்லை.