காகத்துக்குச் சொன்ன வாக்கு

இலையைக் கோதாவரி மணலில் வைத்துவிட்டு எல்லோரும் பின்வாங்கி நின்றார்கள். சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, தொன்னையில் கள், பக்கத்தில் ஒரு கட்டு பீடி. செத்துப்போன கொமுரய்யாவுக்குப் பிடித்ததில் ஒன்றும் குறையவில்லை. மருத மரத்தில் இருந்த காகம் மட்டும் இறங்கவில்லை.

சௌஜன்யா காகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த போனையும் பார்த்தாள். புனே கம்பெனிக்கு இன்று மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா இறந்ததைச் சொல்லி ஒரு தடவை அவகாசம் வாங்கியாயிற்று. இனி முடியாது என்று அங்கிருந்த பெண் வருத்தத்தோடுதான் சொன்னாள்.

கல்லூரி முடித்தவளுக்கு வந்த முதல் வேலை அது. பாலங்களுக்கு வரைபடம் போடுவது. படித்ததும் அதைத்தான், ஆசைப்பட்டதும் அதைத்தான். ஆனால் சம்பளம் சுமார். இரண்டு வருஷம் விலகக் கூடாதென்று வேறு நிபந்தனை. வாடகை, சாப்பாடு போக அம்மாவுக்கு என்ன மிஞ்சும் என்று பிணம் வீட்டில் கிடந்தபோதும் மனம் கூட்டிக் கழித்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

இன்னொரு பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் அப்பாவின் வேலை. பணியில் இருக்கும்போதே இறந்தவரின் பிள்ளைக்கு அது வரும். இரட்டைச் சம்பளம், அம்மா குவார்ட்டர்ஸிலேயே இருக்கலாம், ஆஸ்பத்திரிச் செலவு கிடையாது. வேறு வேலையை ஒப்புக்கொண்ட பிள்ளைக்கு மட்டும் இது இல்லை. பெண்களைக் குழிக்குள் இறக்காமல் மேலேயே வேலை போடுவார்கள் என்றார் சித்தப்பா ஓதெலு. அவரும் சுரங்கக்காரர்தான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை இருமினார்.

ஊரில் பாதிப் பேர் மெடிக்கல் போர்டில் நெஞ்சைக் காட்டி, உடம்பு தகுதியில்லை என்று ஒதுங்கி, வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொமுரய்யா மட்டும் மாட்டேன் என்றார். அதற்காக அவரோடு மல்லுக்கு நின்றவள் அம்மா லச்சவ்வதான். மாதக்கணக்கில் பேசாமல்கூட இருந்தாள். அவர் இருமிக்கொண்டே ஷிப்டுக்குப் போவார். வந்ததும் கரித்தூள் இறங்கட்டுமென்று வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொள்வார். வாய் நிறைந்திருந்தால் பெண்டாட்டிக்குப் பதில் சொல்ல வேண்டாம் பாருங்கள். ஓய்வு பெறச் சில மாதம் இருக்கும்போது, ஷிப்டுக்குக் கிளம்பி, ஷூவை மாட்டும்போதே சரிந்துவிட்டார். எந்த வேலை மகளுக்கு வரக்கூடாதென்று அத்தனை காலம் இருமினாரோ, அது அவர் சாவோடு வாசலுக்கு வந்துவிட்டது.

வெயில் ஏறியது. காகம் அசையவில்லை. செத்தவரின் மனக்குறை தீர வாக்குக் கொடுத்தால்தான் காகம் இறங்கும் என்பார்கள். அத்தை முன்னால் வந்து, அண்ணன் வளர்த்த ஆட்டை விற்க மாட்டோம் என்றாள். யாரோ கோயிலுக்குப் போவதாக வேண்டிக்கொண்டார்கள். பிறகு ஓதெலு இலைக்கு முன்னால் குந்தினார்.

"அண்ணே, பொண்ணு எங்கயும் போகமாட்டா. உன் வேலைல அவதான் சேருவா. நான் பொறுப்பு. வந்து ஒரு வாய் தின்னுட்டுப் போ."

காகம் இறங்கியது.

மணலில் தத்தித் தத்தி இலை ஓரத்துக்கு வந்தது. கூட்டம் மூச்சு விட்டது. அப்பாவும் அவர்கள் பக்கம் போய்விட்டார் என்று தோன்றியதும், சௌஜன்யாவுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. காகம் கழுத்தை நீட்டியது.

லச்சவ்வ விடுவிடுவென்று நடந்துபோய் முந்தானையை உதறினாள். "ச்சூ."

காகம் பறந்து மரத்துக்கே போய்விட்டது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்ன அண்ணி பண்ணிட்ட? அண்ணன் வந்தாரே."

"அது வெறும் காக்கா. கறி வாசனைக்கு வந்துச்சு. இதுக்கு ஒத்துக்கிற ஆளா இருந்தா உங்கண்ணன் உசுரோட இருக்கறப்பவே போர்டுக்குப் போயிருப்பாரு."

"குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்வாங்க. எங்க போய் இருப்ப?" என்றார் ஓதெலு.

"உன் வீட்டுக்கு வரமாட்டேன், பயப்படாத."

ஓதெலுவின் முகம் வாடிவிட்டது. நான் அதற்காகவா சொன்னேன் என்று முணுமுணுத்தார். அது தனக்கும் தெரியும் என்று லச்சவ்வ தணிந்த குரலில் சொன்னாள். பிறகு இலையைப் பார்த்துத் திரும்பினாள்.

"உன் பொண்ணு குழிக்குப் போகமாட்டா. நம்ம சண்டை முடிஞ்சுது. வந்து தின்னுய்யா."

காகம் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். கோழிக் குழம்பின் மேல் ஈ மொய்த்தது. கடைசியில் பெரியவர்கள், போதும், இலை இருந்தபடியே இருக்கட்டும், யாரும் திரும்பிப் பார்க்காமல் நடங்கள் என்றார்கள்.

மணல் சுட்டது. லச்சவ்வ மகளுக்கு முன்னால் நடந்தாள்.

"போன்ல சார்ஜ் இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப ஏன் கையில சும்மா வச்சிருக்க?"

சௌஜன்யா நடந்துகொண்டே புனேக்குப் பதிலைத் தட்டினாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி தட்டி, அனுப்பினாள்.

அப்போது பின்னால் சிறகடிக்கும் ஓசை கேட்டது. லச்சவ்வ ஒரு கணம் நின்றாள். பிறகு திரும்பாமலே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.