அறுபது பேருக்கும் நூற்று ஐம்பத்திரண்டு

இப்போதெல்லாம் ஒரு காகிதத்தை நீட்டினால் போதும், என்ன ஏது என்று கேட்காமல் ஜனங்கள் கையெழுத்தைப் போட்டுவிடுகிறார்கள், பேனாவையும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போகிறார்கள். எங்கள் தெரு கிளினிக்கில் ரத்த அழுத்த மாத்திரை ஆராய்ச்சிக்கு அப்படிக் கையெழுத்துப் போட்ட அறுபது பேருக்கும், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலிலிருந்து, ஒரே நெஞ்சுத் துடிப்பாகிவிட்டது. என் வீட்டுக்காரி அதில் முப்பத்தெட்டாம் நம்பர். நான் போடவில்லை.

நர்ஸ் அறுபது பேரின் அளவையும் ஒரே தாளில் எழுதிக் கீழே கூட்டுத்தொகையும் போட்டிருந்தாள். அதன்மேல் டீ கொட்டிவிட்டது. தனித்தனி அளவெல்லாம் கரைந்து கூட்டுத்தொகை மட்டும் மிஞ்சியது. எல்லாரையும் மறுபடி கூப்பிட டாக்டருக்குச் சோம்பல். அதை அறுபதால் வகுத்து, வந்த நூற்று ஐம்பத்திரண்டை எல்லார் ஃபைலிலும் எழுதினார். கடைசி ஃபைலை மூடியபோது அறுபது பேரும் அவரவர் இருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு போஸ்ட்மேன் மாடி ஏறினால் என் வீட்டுக்காரிக்கு அடுப்படியில் மூச்சு வாங்கியது. பாங்க் காவலாளி மச்சானோடு சண்டை போட்டால் அறுபது முகம் சிவந்தது. பல் பிடுங்கப் போனவரை நாலு பேர் வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள். போகப்போக ஒருவருக்கொருவர் பயந்து, யாரும் ஓடுவதில்லை, சிரிப்பதில்லை, கதவைக்கூட அடித்துச் சாத்துவதில்லை. பாதிப் பேர் கட்டிலை விட்டே இறங்கவில்லை.

நாலாவது மாதம் பன்னிரண்டாம் நம்பர், தையல்காரர், படுத்துவிட்டார். துடிப்பு நாற்பதுக்கு இறங்கியது. அறுபது பேரின் நகமும் நீலமாயிற்று. வீட்டுக்காரி கையைத் தொட்டேன், குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது.

நடக்க முடிந்தவர்கள் கிளினிக்கில் கூடினார்கள்.

"அந்த ஆளை லிஸ்ட்லேர்ந்து அடிங்க டாக்டர். ஒருத்தருக்காக நாங்க எல்லாரும் போகணுமா?" என்றார் காவலாளி.

தையல்காரர் மனைவி மூலையிலிருந்து எழுந்தாள். "உன் பேண்ட்டை நாலு தடவை இடுப்புப் பிரிச்சுத் தச்சுக் குடுத்தாரேண்ணே. அவரை அடிச்சுட்டு எந்த இடுப்போட நடமாடுவே?"

காவலாளி வயிற்றை எக்கிக்கொண்டார். டாக்டர் பேனா முனையைப் பன்னிரண்டின்மேல் வைத்தார். கையெழுத்துப் போட்ட அத்தனை நெஞ்சும் நின்றது. சுவர்க் கடிகாரத்தின் முள் மூன்று முறை நகர்ந்தது. பேனாவை எடுத்தார். திரும்ப அடித்தது.

போஸ்ட்மேன்தான், "அவருக்கு இறங்கினா நமக்கு இறங்குது. அப்ப நமக்கு ஏறினா?" என்று கேட்டுவிட்டு, கிளினிக் மாடிப்படியில் ஓட ஆரம்பித்தார். முட்டிவலியோடு என் வீட்டுக்காரியும் பின்னால் ஏறினாள். இருபதாவது சுற்றில், இரண்டு தெரு தள்ளிப் படுத்திருந்த தையல்காரர் கண் திறந்து, "யாரது, என் நெஞ்சுக்குள்ள திடுதிடுன்னு ஓடுறது?" என்று கேட்டாராம்.

அதற்கு இப்போது பதினோரு வருஷம். அந்தப் படியில் எந்நேரமும் இரண்டு பேர் முறைவைத்து ஏறி இறங்குகிறார்கள். தையல்காரர் படுத்தபடியே பட்டன் தைக்கிறார். மாத்திரை எல்லாரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தது என்று டாக்டரின் கட்டுரையும் அச்சாகிவிட்டது. டீயைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

வீட்டுக்காரியின் முறை செவ்வாய் நாலு மணி. போன வாரம் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்களேன். என் முறையை நீங்க ஏறலாம். எனக்கு முடியலை."

டாக்டர் காகிதத்தோடு தயாராக நின்று, பேனாவை என் கையில் கொடுத்தார்.

"மறுபடி டீ கொட்டினா?" என்று கேட்டேன். பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். முதுகுக்குப் பின்னால் அவள் செருப்புச் சத்தம் மறுபடி படியேறுவது கேட்டது. தெருமுனையில் நின்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அது எனக்கு மட்டும்தான் அடித்தது. அந்தக் காகிதத்தின்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நடந்தேன்.