நாற்பத்தேழாம் பெட்டியில் சிங்கப்பூர்

திருப்பூர் வேலம்பாளையத்தில் மயிலாத்தாளிடம் அடி வாங்காதவர்கள் இரண்டே வகைதான். ஒன்று, இன்னும் பிறக்காதவர்கள். மற்றது, வாங்கியதை வெளியே சொல்லாதவர்கள். அவள் வலது கை தூக்கினால் பனியன் கம்பெனியின் கரண்டே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்ப வரும். அந்தக் கையில் இரண்டடி மரஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். பனியனின் நீளம் அளக்க வாங்கியது. நீளத்தைவிட முதுகுகளைத்தான் அது அதிகம் அளந்திருந்தது.

ஆனால் மரியாதையில் அவளைக் குறை சொல்ல முடியாது. அடிப்பதற்கு முன்னால், “அண்ணா, சித்த இப்படித் திரும்பிக்குங்க” என்பாள். அடித்த பிறகு, “வலிக்குதுங்களா?” என்று கேட்பாள். வலிக்கவில்லை என்று வீரம் பேசியவர்களுக்கு இன்னொன்று கிடைக்கும்.

கணவன் வெள்ளியங்கிரி இதற்கு நேர் எதிர். கொசுவைக்கூட ஊதித்தான் அனுப்புவார். கம்பெனி அவர் பேரில் இருந்தது, கம்பெனியின் குரல் அவள் தொண்டையில் இருந்தது.

இருபத்திரண்டு வருஷமாக அவள் ஜெர்மனிக்காரனுக்குப் பனியன் அனுப்புகிறாள். இருபத்திரண்டு வருஷமாக அவன் அவளுக்குக் கடுதாசி அனுப்புகிறான். கழுத்துப்பட்டி கால் அங்குலம் கோணல், ரிஜெக்ட். நூல் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, ரிஜெக்ட். வெள்ளை சரியான வெள்ளையாக இல்லை, ரிஜெக்ட். ஆளை நேரில் பார்த்திருந்தால் ஸ்கேலால் பேசியிருப்பாள். கடுதாசியை எங்கே அடிப்பது? வாழ்நாளில் ஒரே ஒரு தடவையாவது தான் வாங்குகிறவளாக உட்கார்ந்து, எதிரே நிற்பவன் சரக்கை ‘ரிஜெக்ட்’ என்று தள்ள வேண்டும் என்ற ஆசை அவளுக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது.

தொண்ணூற்றைந்தில் அந்த ஆசைக்கு ஆள் கிடைத்தான். ராசப்பன். ஏதோ ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் சாம்பிள் தூக்கிக்கொண்டு அலைந்தவன், திடீரென்று டை கட்டிக்கொண்டு ‘ஆகாயகங்கை டிராவல்ஸ்’ தொடங்கியிருந்தான். சிங்கப்பூர், மலேசியா, ஆறு நாள், குடும்பத்தோடு. மேசைமேல் பளபளவென்று எட்டுப் பக்கக் கலர் புத்தகம். கடற்கரை ஹோட்டல், நீச்சல் குளம், வெள்ளைக் கப்பல்.

“நாங்க நாலு பேருங்க. நானு, அவிய, ரெண்டு பொண்ணுங்க” என்றாள் மயிலாத்தாள். “கலியாணமாகி இதுதான் மொதல் லீவு. இந்தப் படத்துல இருக்கறதுதான் அங்கீமு இருக்கோணும்.”

“அப்படியே இருக்குமுங்க அக்கா.”

“அப்ப சாம்பிள்ல கையெழுத்துப் போடுங்க.”

திருப்பூரில் வாய்ப்பேச்சுக்கு மதிப்பு கிடையாது. ஒத்துக்கொண்ட சாம்பிள் என்று ஒன்று இருக்க வேண்டும். அதன்மேல் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, சிவப்பு அட்டை கட்டி, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். சரக்கு தப்பினால் இரண்டையும் மேசையில் போட்டுப் பார்ப்பார்கள். கோர்ட்டும் அதுதான், கோயிலும் அதுதான். ராசப்பனும் அந்தத் தொழிலில் ஊறியவன் என்பதால் சிரித்துக்கொண்டே இரண்டு புத்தகங்களிலும் படத்துக்குப் படம் குறுக்காகக் கையெழுத்துப் போட்டான். அவள் விடவில்லை. குளத்தின் நீளம் கேட்டாள். அறுபதடி என்று எழுதினான். “கூடக் கொறைய எவ்வளவு விடலாமுங்க?” அரையடி என்று எழுதினான்.

குளம் நாலடி இருந்தது. அதில் இரண்டு வாத்துகள் இருந்தன.

ஹோட்டல் என்பது ஒரு கோழிக்கடையின் மாடி. விடியக்காலை நாலு மணிக்குக் கீழே வெட்டு ஆரம்பமாகும். ஆயிரம் கோழி, பத்தாயிரம் கோழி, அந்த நாட்டுக் கோழி அத்தனையும் அங்கேதான் உயிரை விட்டன என்று பிற்பாடு மயிலாத்தாள் கணக்குச் சொன்னாள். ஜன்னல் வழியாக இறகு பறந்து வந்து சின்ன மகளின் இட்லிமேல் உட்கார்ந்தது. வெள்ளைக் கப்பல் என்பது மீன்கூடை ஏற்றும் தோணி. மூன்றாம் நாள் பஸ் டிரைவர் இவர்களை நடுரோட்டில் இறக்கிவிட்டு, “டுமாரோ கம்” என்று கிளம்பினான். மயிலாத்தாள் கையிலிருந்த தூக்குப்போசியைக் குறி பார்த்து எறிந்தாள். பின் கண்ணாடி பொரிகடலையாகச் சிதறியது. பஸ் நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்தான். வந்த வேகத்திலேயே அவன் கன்னத்தில் ஐந்து விரல் பதிந்தது. அவன் தமிழன்தான் என்பது அதன் பிறகு அவன் கூப்பிட்ட தெய்வங்களின் பேரில் தெரிந்தது. போலீஸ் வந்தது. வெள்ளியங்கிரி கையெடுத்துக் கும்பிட்ட கும்பிடில் மலேசிய போலீஸே கண் கலங்கி விட்டுவிட்டது.

ஊர் திரும்பியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியோடு நேராக ராசப்பன் ஆபீஸ்.

“ராசப்பண்ணா, நல்லா இருக்கீங்களா?”

“வாங்கக்கா, டூரு எப்படீங்க...”

“சித்த எந்திரிச்சு நில்லுங்க.”

எழுந்தான். பிறகு ரொம்ப நேரம் எழவில்லை. மேசைக் கண்ணாடி, காலண்டர், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பொம்மை விமானம், அவனுடைய ஒரு கடைவாய்ப் பல் எல்லாம் ஒரே தரையில் கலந்து கிடந்தன. பொம்மை விமானத்தின் இறக்கை மின்விசிறியில் பட்டு, அது ஒன்றுதான் அந்த டிராவல்ஸில் நிஜமாகப் பறந்தது.

ஸ்டேஷன் வரைக்கும் போன விவகாரத்தைக் கோயம்புத்தூர் வக்கீல் ஒருவர் அமுக்கிவிட்டு, நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார். போட்ட கையோடு எச்சரித்தார்.

“அம்மா, கேசு முடியற வரைக்கும் உங்க கை அவன்மேல படக்கூடாது. இன்னொரு அடி விழுந்துதுன்னா நீங்கதான் குத்தவாளி. கேசு போச்சு.”

“எத்தன நாளைக்குங்க?”

“ஆறு மாசம் ஆகும்.”

மயிலாத்தாள் தன் கையைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஆறு மாசம்! “கேசு செயிச்சா என்னங்க தருவாங்க?”

“அவன் சேவை குறைபாடுள்ளதுன்னு தீர்ப்பு எழுதித் தருவாங்க.”

“ரிஜெக்ட்டுன்னு கடுதாசி?”

“கிட்டத்தட்ட.”

“அப்பச் செரீங்க” என்று வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

வக்கீல் கையெழுத்துப் புத்தகத்தைக் கேட்டார். தரமாட்டேன் என்றாள். கையெழுத்தான சாம்பிள் கம்பெனியை விட்டு வெளியே போகக்கூடாது, விசாரணை அன்றைக்கு நானே கொண்டுவருவேன் என்றாள். ஜெராக்ஸாவது எடுத்தீர்களா என்று கேட்டார். “சாம்பிளை யாருங்க ஜெராக்ஸ் எடுப்பாங்க?” என்று அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். நகல் எடுத்த பனியனை எவனாவது ஒத்துக்கொள்வானா?

விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தபோது ராசப்பன் கம்பெனி வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, கோர்ட்டு எதுக்குங்க? நம்ம தொழில் முறைப்படி பாத்துக்கலாம். எம்பட சாம்பிள் இந்தாங்க. உங்களதக் கொண்டாங்க. மேசையில போட்டுப் பாப்போம். தப்பு இருந்தா நான் ஒத்துக்கறேன்.”

மேசைக்கு வந்தவனைத் திருப்பி அனுப்புவது திருப்பூரில் வழக்கமில்லை. அவள் பீரோவைத் திறந்து தன் புத்தகத்தை எடுத்து வந்தாள்.

அன்று ஜெர்மனிச் சரக்கு பெட்டி ஏறும் நாள். செக்கிங் மேசையைச் சுற்றி நாற்பது பெண்கள் மின்னல் வேகத்தில் பனியன் மடித்துக்கொண்டிருந்தார்கள். மேசை ஓரத்தில் ஒச்சம்மாள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். பனியனை விரித்து, விறைப்பாக நிற்க உள்ளே ஒரு அட்டை வைத்து மடித்து, அடுத்தவளிடம் தள்ளுவாள். அடுத்தவள் கவரில் போடுவாள். மூன்றாமவள் பெட்டியில் அடுக்குவாள். ஒச்சம்மாள் கைக்குக் கண் தேவையில்லை. பேசிக்கொண்டே, சண்டை பார்த்துக்கொண்டே, ஏன் தூங்கிக்கொண்டேகூட நாளைக்கு ஆயிரம் மடிப்பாள்.

இரண்டு புத்தகங்களும் மேசைக்கு வந்தன.

“இதென்னங்க? குளம். அறுபதடி” என்றாள் மயிலாத்தாள். “எனக்குக் காமிச்சது வாத்துக் குட்டை.”

“வாத்து எக்ஸ்ட்ராங்க அக்கா. அதுக்கு நான் காசே வாங்கலையே!”

நாற்பது பெண்களும் சிரித்தார்கள். மயிலாத்தாளின் கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. அந்த நொடியில் ராசப்பன் பாய்ந்தான். மேசையில் கிடந்த புத்தகத்தைக் கவ்வி, நாலாகக் கிழித்து, வாயில் திணித்தான். கிழிந்ததை ஒட்டலாம், தின்றதை ஒட்ட முடியாது என்று வீட்டிலேயே யோசித்துவிட்டு வந்திருந்தான் போலிருக்கிறது. ஹோட்டலை மென்றான். குளத்தை விழுங்கினான். கப்பல் தொண்டையில் பாதியில் சிக்கியது. பக்கத்திலிருந்த குடத்தை அப்படியே தூக்கிக் குடித்துக் கப்பலை உள்ளே இறக்கினான்.

மயிலாத்தாளின் கை ஸ்கேலோடு மேலே போனது. வெள்ளியங்கிரி, “ஏம்மிணி, கேசு! கேசு!” என்று கத்தினார். கை அந்தரத்தில் நின்றது. ஸ்கேல் அவள் பிடியிலேயே பட்டென்று இரண்டாக முறிந்தது.

“ஏக்கா, என்ன இப்படி மரமா நிக்கிறீக?” என்றாள் ஒச்சம்மாள்.

“அடிக்கக் கூடாதுன்னு வக்கீலு சொல்லியிருக்காருடி...”

“உங்க கையத்தானக்கா சொன்னாரு? எங்க கையப் பத்தி எதும் சொன்னாரா?”

மயிலாத்தாள் யோசித்தாள். “இல்லியே.”

அவ்வளவுதான். நாற்பது பெண்கள், எண்பது கைகள். முதல் அடி விழுந்த சத்தத்தில் பக்கத்து ஊரான மங்கலத்துப் பவர்லூம் தறிகள் நின்றதாகச் சொல்வார்கள், நான் அதைக் குறைத்தே சொல்கிறேன். நூல்கண்டு பறந்தது. ஸ்டூல் பறந்தது. டியூப்லைட் மூன்று வெடித்தன. ராசப்பனின் டையைப் பிடித்து ஒருத்தி கறந்த கறவையில் அவன் முகம் சாயப்பட்டறைத் தண்ணீர் மாதிரி மூன்று நிறம் மாறியது. மூக்கிலிருந்து ரத்தம் வெள்ளைப் பனியன்மேல் சிந்தியபோதுதான் மயிலாத்தாள் முதல் தடவையாகப் பதறினாள். “அடியே, சரக்குல படாம அடிங்கடி! வெள்ளைச் சரக்கு!” அவனைக் குப்புறப் போட்டு, வேஸ்ட் துணி மூட்டைமேல் வைத்து மிச்சத்தை அடித்தார்கள். ஒற்றைச் செருப்போடு, ஒரு சட்டைக்கையோடு, வயிற்றில் எட்டுப் பக்கத்தோடு அவன் ரோட்டுக்கு உருண்டான். ஆனால் போகும்போது சிரித்தான்.

“சாம்பிள் போச்சுங்க அக்கா! இனி எதை வெச்சு ரிஜெக்ட் பண்ணுவீங்க?”

அது உண்மைதான். மேசையில் ஒரு புத்தகமும் இல்லை. ஒன்று அவன் வயிற்றில். இன்னொன்றை ஓடும்போது எடுத்துப் போயிருப்பான் என்று எல்லாரும் நினைத்தார்கள். மயிலாத்தாள் முறிந்த ஸ்கேலை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். யாரையும் அடிக்கவில்லை. கம்பெனியே பயந்துபோனது.

முதல் விசாரணையில் ராசப்பன் தலையில் கட்டோடு வந்து, டிக்கெட் மட்டும்தான் வாங்கிக் கொடுத்தேன், ஹோட்டல் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றான். யார் அடித்தார்கள் என்று மன்றத் தலைவர் கேட்டபோது, மயிலாத்தாள் அடித்தாள் என்று பொய் சொல்ல அவன் வாய் எடுத்தான். பின்னால் வரிசையாக நாற்பது பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். “படியில விழுந்துட்டேனுங்க” என்றான். அவன் சொன்னதற்கு மயிலாத்தாளிடம் ஆதாரம் கேட்டார்கள். இல்லை. வக்கீல் கெஞ்சி ஒரு தவணை வாங்கினார். அடுத்த தடவை வெறுங்கையோடு வந்தால் வழக்கு தள்ளுபடி என்றார்கள். தள்ளுபடி! ரிஜெக்ட்டுக்குத் தமிழில் அதுதானே? அதுவும் அவளுக்கே.

தவணைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஆபீஸ் ஃபேக்ஸ் மெஷின் கரகரத்தது. ஜெர்மனிக்காரன். வெள்ளியங்கிரி படித்துவிட்டு, பயந்துகொண்டே மனைவியிடம் வந்தார்.

“என்ன, மறுபடியும் ரிஜெக்ட்டுங்களா?”

“ஆமா மயிலு. நாப்பத்தேழாம் நெம்பர் பெட்டி. வெள்ளைப் பனியன், பெரிய சைஸு. உள்ள வெச்ச அட்டை ஒத்துக்கிட்டபடி இல்லையாமா. அட்டைக்குப் பதிலா எதோ...” ஃபேக்ஸை இன்னொரு தடவை பார்த்தார். “எதோ ஊரு படமெல்லாம் போட்டு, கையெழுத்துப் போட்ட புஸ்தகம் இருக்குதாமா.”

மயிலாத்தாள் ஒச்சம்மாளைப் பார்த்தாள். ஒச்சம்மாள் தன் கையைப் பார்த்தாள். சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டே அந்தக் கை, விறைப்பாகப் பக்கத்தில் கிடந்ததை அட்டையென்று எடுத்து, பனியனுக்குள் வைத்து மடித்துத் தள்ளியிருக்கிறது. அப்படியானால் மேசையில் மிச்சம் கிடந்தது ராசப்பனின் புத்தகம். அவன் தின்றது அவனுடைய சாம்பிளையே!

மயிலாத்தாள் ஓடிப்போய் ஒச்சம்மாளுக்கு முதுகில் ஒன்று வைத்தாள். சந்தோஷத்தில் வைத்ததுதான். இருந்தாலும் ஒச்சம்மாள் இரண்டு நாள் ஒருக்களித்துத்தான் படுத்தாள்.

புத்தகம் கூரியரில் வந்தது. கூடவே ஜெர்மனிக்காரன், நாள், பெட்டி எண், அட்டையின் நீள அகலம் எல்லாம் போட்டு, முத்திரை குத்தி, இரண்டு பக்கக் குற்றப்பத்திரிகை இணைத்திருந்தான். வக்கீல் அதை முத்தமிட்டார். மன்றத்தில் ராசப்பனின் கையெழுத்து எட்டுப் பக்கத்திலும் குறுக்கே ஓடியது. அறுபதடி, கூடக் குறைய அரையடி. மன்றத் தலைவர் பெரிய மகள் அங்கே எடுத்த வாத்துப் போட்டோவையும் பார்த்தார், ராசப்பனையும் பார்த்தார். “சேவையில் குறைபாடு நிரூபணமாகிறது” என்று படித்தார்.

மயிலாத்தாள் தீர்ப்பின் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நூல் முனை எதுவும் நீட்டிக்கொண்டில்லை. நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள்.

பிறகு வக்கீல் பக்கம் குனிந்து, பணிவாகக் கேட்டாள்.

“ஏனுங்க, கேசு முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சுதும்மா.”

“முழுசா?”

“முழுசா.”

அவள் பையைத் திறந்தாள். உள்ளே புது மரஸ்கேல், கடையில் ஒட்டிய விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் இருந்தது. எதிர் பெஞ்சில் ராசப்பன் அந்தக் கேள்வியையும் கேட்டான், பதிலையும் கேட்டான். எழுந்தான். வெள்ளியங்கிரி, கொசுவைக்கூட ஊதி அனுப்பும் மனிதர், மெதுவாகப் போய் வாசல் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

“ராசப்பண்ணா” என்றாள் மயிலாத்தாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே, “சித்த இப்படித் திரும்பிக்குங்க.”