எட்டு அட்டைக்கு இடம்

பிச்சைமுத்துவிடம் எதைக் கொடுத்தாலும் பத்திரமாக வைத்திருப்பார், கார் சாவியைத் தவிர. இது அவர்கள் குடியிருக்கும் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். பெற்ற மகளுக்குத் தெரியாதா? தெரிந்திருந்தும் தினேஸ்வரி வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு சாவியைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தாள். ஆகவே மறுநாள் நடந்ததற்கு அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

சாவி என்றால் பல் வெட்டிய இரும்பு இல்லை. அடையாள அட்டை அளவில் ஒரு கறுப்பு அட்டை. அது காருக்குள் இருந்தால் எஞ்சின் கிளம்பும், ஸ்டியரிங் திரும்பும். எஞ்சினை அணைத்துவிட்டு அட்டையோடு நாலடி தள்ளிப் போனால், ஸ்டியரிங் தண்டுக்குள் ஓர் இரும்பு முளை 'டொக்' என்று இறங்கிப் பூட்டிக்கொள்ளும். சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. ஓடுகிற காரில் அந்த முளை தவறிக்கூட இறங்கக் கூடாது என்பதை உறுதி செய்யவே அவளுக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது.

ஈப்போவில் அழகப்பனின் கம்பெனியில் அவள் மின்னணுப் பொறியாளர். பழைய கார்களில் மாட்டிக்கொள்ள ஒரு பூட்டு என்பது அவள் கிளப்பிய யோசனை. முதல் பூட்டைத் தன் பழைய சாகா காரிலேயே மாட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து இரண்டு பேர் வந்து அதைப் பார்க்கப் போகிறார்கள். பிடித்தால் தயாரிப்பு தொடங்கும். பிடிக்காவிட்டால் அந்த வேலையை அத்தோடு மூட்டை கட்டிவிட வேண்டியதுதான் என்று அழகப்பன் சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிற ஆள் அவர். வந்தவர்கள் முன்னால் வயசான ஒருவர் பூட்டித் திறந்து காட்டினால் எடுபடும் என்றுதான், எழுபத்தொன்பது வயது அப்பாவைத் தெருவில் நிறுத்தி வைத்துப் பழக்கினாள். அக்கம்பக்கமே கூடி வேடிக்கை பார்த்தது.

அழகப்பனுக்கும் அவளுக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் இழுபறி. ஒரு பூட்டுக்கு எத்தனை அட்டை? இரண்டு போதும் என்பது அவர் கட்சி. புருஷனுக்கு ஒன்று, பெண்சாதிக்கு ஒன்று. தினேஸ்வரி எட்டு அட்டைக்கு இடம் விட்டிருந்தாள். வேலை தொடங்கிய முதல் நாளே, யோசிக்காமல், கை எட்டு என்று எழுதிவிட்டது. கூடுதலாக வருகிற ஒவ்வோர் அட்டையும் திருடனுக்கு ஒரு வழி என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

"எட்டு வாசல் வச்சிட்டு பூட்டு எதுக்கும்மா?" என்று கேட்டார் அழகப்பன். வெள்ளிக்கிழமைக்குள் குறைத்துவிடச் சொன்னார். சரி என்றாள். குறைக்கவில்லை. அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று அவரிடம் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பீடோர் பட்டணத்தைத் தாண்டி உள்ளே, அவள் சிறுமியாக இருந்தபோது அவர்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், தொழிலாளி வீட்டுக் கார் என்று இருந்தது ஒன்றே ஒன்று. தோட்டத்து லாரி ஓட்டிய பிச்சைமுத்துவின் வெள்ளை டட்சன். அது அவருடையது என்பது பதிவுக் காகிதத்தில் மட்டும்தான். சாவி எப்போதும் காரிலேயே தொங்கும். பாம்பு கடித்தாலோ, பிள்ளைவலி கண்டாலோ, சாவு சொல்லப் போக வேண்டுமென்றாலோ, ஓட்டத் தெரிந்தவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். கதவைத் தட்டி அனுமதி கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. அப்படி ஓட்டத் தெரிந்தவர்கள் தோட்டத்தில் எட்டுப் பேர். கங்காணி வேலை பார்த்த மண்டோர் ராமையா, டிராக்டர் ஓட்டிய மாயாண்டி, ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் என்று போகும் அந்த வரிசையில் எட்டாவது ஆள் அவள் அம்மா நல்லம்மாள். வலி கண்ட மாயாண்டி பெண்சாதியைப் பீடோர் வரை முதல் கியரிலேயே கொண்டுபோய்ச் சேர்த்த மகராசி. இரண்டாவது கியர் போட அன்றைக்கு அவளுக்குத் தெரியாது.

எடுத்தவர் காரைத் திருப்பி விடும்போது பின்சீட்டில் எதையாவது வைத்துவிட்டுப் போவது முறை. நாலு மரவள்ளிக் கிழங்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், கையில் என்ன இருக்கிறதோ அது. நன்றி என்று வாயால் யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். காலையில் எழுந்ததும் தினேஸ்வரி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து பார்ப்பாள். சீட்டின் ரெக்சின் வாடையும் பழவாசனையும் கலந்து முகத்தில் அடிக்கும். அப்படி ஒரு விடியல் அவளுக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

தோட்டம் கைமாறி, ரப்பரை அழித்து எண்ணெய்ச் செம்பனை போடுவதற்காக லயங்களைக் காலி செய்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. குடும்பம் புந்தோங்குக்கு வந்தது. டட்சனும் கூடவே வந்தது. இங்கே யாரும் சாவியைக் காரில் விடுவதில்லை என்று பக்கத்து வீட்டார் எச்சரித்தார்கள். பிச்சைமுத்து நன்றாகத் தலையாட்டிவிட்டுச் சாவியைக் காரிலேயே விட்டார். மூன்றாம் வாரம் ஒரு காலை, பின்கதவைத் திறக்க அவள் ஓடியபோது காரே இல்லை.

"யாருக்காச்சும் அவசரமா இருந்திருக்கும். கொண்டாந்து விட்ருவாங்க" என்றார் அப்பா.

அவர் போலீசுக்குப் போகவே நாலு நாள் ஆனது. அதற்குப் பிறகும் தெருவில் ஹார்ன் கேட்டால் எழுந்து வாசல் கேட்டுவரை போய்ப் பார்ப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் பிறகு இருபது வருஷம் ஒரு சாமான் கடைக்கு ராக்காவல் ஜாகாவாக இருந்தார் என்பதுதான் வேடிக்கை. அடுத்தவர் சொத்தைக் கண்விழித்துக் காத்தார். அங்கே ஓர் ஆணிகூடக் காணாமல் போகவில்லை. வீட்டில் மட்டும் டட்சனைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நல்லம்மாள் சாகும்வரை திறக்கவில்லை. தினேஸ்வரியும் ஒன்றும் கேட்காமல் படித்து முடித்து, பூட்டுச் செய்கிற வேலையைத் தேடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, எட்டை இரண்டாக்க வேண்டிய வரியை மடிக்கணினியில் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். தலையைத் துவட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால் காரைக் காணவில்லை.

அவளுடைய அட்டை கைப்பையில் பத்திரமாக இருந்தது. திருநீறு பூசிக்கொண்டு வந்த அப்பாவிடம் மற்ற அட்டை எங்கே என்று கேட்டாள்.

"கார்லதான் வச்சேன், கியர் பக்கத்துல. கிளம்புறப்போ மறந்துடக் கூடாதுல்ல" என்றார்.

அந்தப் பூட்டு உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது. மூன்று மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். இரண்டு வருஷ உழைப்பைச் சாவியோடு சேர்த்து எவனிடமோ தாரை வார்த்தாயிற்று.

"யாருக்காச்சும் அவசரமா இருக்கும்மா."

முப்பது வருஷமாக அவள் தொண்டைக்குள் இருந்தது அப்போது வெளியே வந்தது. "அன்னைக்கும் இதைத்தானே சொன்னீங்க. வந்துச்சாப்பா? அம்மா காலம்பூரா பஸ்ஸுக்கு நின்னுச்சு. வந்துச்சா அந்தக் கார்?"

பிச்சைமுத்து நாற்காலியை இழுத்துக் கேட்டருகே போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். பேசின வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. அழகப்பனைக் கூப்பிடப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். நேரம் பன்னிரண்டைத் தாண்டியது. வெயில் அப்பாவின் முழங்காலில் ஏறியது. உள்ளே வரச் சொன்னாள். அவர் நகரவில்லை.

பன்னிரண்டரைக்கு ஹார்ன் சத்தம் கேட்டது.

பிச்சைமுத்து எழுந்து நின்றார். சாகா மெதுவாக வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. இறங்கியவன் நாலு வீடு தள்ளி இருக்கிற ரூபன். சட்டையெல்லாம் வியர்வை. அவன் அப்பா சீனிக்குத் திடீரென்று மூச்சு முட்டிவிட்டது. அவர்கள் காரை ரூபனின் மனைவி கலாதேவி வேலைக்கு எடுத்துப் போயிருந்தாள். இங்கே ஓடிவந்து கூப்பிட்டுப் பார்த்தானாம், குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம்தான் கேட்டதாம். நல்ல வேளையாக, இந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில் சீனி பிழைத்துக்கொண்டார். மூக்கில் குழாயை வைத்துக்கொண்டே நர்ஸிடம் காப்பி கேட்டிருக்கிறார்.

"மன்னிச்சிடுங்கக்கா. அட்டை உள்ள இருந்தா ஓடும்னு நேத்து நீங்கதானே காட்டினீங்க. போன் பண்ணக்கூட தோணல லா" என்றான் ரூபன்.

அதற்குள் அப்பா அவர்கள் இருவரையும் தாண்டிப் போய்க் காரின் பின்கதவைத் திறந்தார். சீட்டில் இலையோடு ஒரு பெரிய பம்பளிமாஸ் பழம் இருந்தது.

ரூபன் நெளிந்தான். புந்தோங்கில் பிறந்து வளர்ந்தவன் அவன், தோட்டத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. சீனிதான் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். "வெறுங்காரா கொண்டுபோய் விடாதடான்னு அப்பா சொன்னாரு. அந்த மூச்சுலயும் அதைத்தான் சொன்னாரு" என்றான்.

பிச்சைமுத்து பழத்தை இரண்டு கைகளாலும் எடுத்து முகர்ந்தார். அவர் தோள் குலுங்கியது. அம்மாவைத் தூக்கிப்போன அன்றுகூட அவர் அழுது தினேஸ்வரி பார்த்ததில்லை.

"கொண்டாந்து விட்டுட்டாங்கம்மா" என்றார்.

இது டட்சன் இல்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன? அவளுக்கும் தெரியும். இருந்தாலும் "ஆமாப்பா" என்று சொல்லி, பழத்தோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள்.

மூன்று மணிக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வந்த இருவரும் பூட்டிய ஸ்டியரிங்கை மாறி மாறி முறுக்கிப் பார்த்துக் கை வலித்ததுதான் மிச்சம். தயாரிப்பு அடுத்த மாதம் தொடங்குகிறது. கடைக்குப் போகும் பூட்டுக்கு அட்டை இரண்டுதான். கிளம்புவதற்கு முன்னால் அவளேதான் அந்த வரியைத் திருத்தினாள். வாங்கப் போகிறவர்கள் யாரோ, அவர்கள் பக்கத்து வீட்டில் யாரோ. அழகப்பன் சொல்வது சரி.

அவளுடைய காரில் மட்டும் எட்டு இருக்கிறது. அப்பாவின் அட்டை இப்போது அவர் சட்டைப் பையில். மூன்றாவதை ரூபனிடம் கொடுத்துவிட்டாள். எட்டாவதில் நல்லம்மாள் என்று எழுதி வைத்திருக்கிறாள், அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது முதலில் பின்கதவைத்தான் திறக்கிறாள். அநேகமாக அங்கே ஒன்றும் இருக்காது. மூடிவிட்டு முன்பக்கம் வந்து ஏறிக்கொள்கிறாள்.