மைனஸ் கண்டென்சர்

கணக்கில் கடைசி கண்டென்சரின் அளவு மைனஸில் வந்து நின்றது. ஷ்டுட்கார்ட்டில் எந்தக் கடையில் போய் மைனஸ் கண்டென்சர் கேட்பது?

ஒரே கம்பியில் போகும் பல தொலைபேசிப் பேச்சுகளைக் கலக்காமல் பிரிக்க, கம்பிச் சுருளும் கண்டென்சரும் சேர்த்துச் செய்த வடிப்பான் வேண்டும். எங்கள் ஆலையின் பழைய வடிப்பானுக்குப் பதினோரு சுருள். ஒரு இயற்கணிதக் கோவையை இன்னொரு கோவையால் வகுத்த பின்னத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் ஏழே சுருளில் அதே வேலை முடியும் என்று இரண்டு வருடமாகக் கத்திக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் அளவுகளைக் கொடுத்தால் செய்து பார்ப்போம், இல்லாவிட்டால் பழையதே என்று தலைவர் டாக்டர் எக்கபிரெக்ட் சொல்லிவிட்டார். அன்று வெள்ளிக்கிழமை.

காலை முழுக்கத் தப்பைத் தேடினேன். பின்னம் சரி. நான் போட்ட பாதிக் கணக்கும் சரி. மறுபாதியைப் போட்டவர் பக்கத்து மேசை ஆரன்ஸ். அவருடைய தாளை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் இருந்தது.

"ஹெர் ஆரன்ஸ், மிச்சம் எங்க?"

அவர் வெண்ணெய் ரொட்டியை மென்றுகொண்டே சொன்னார். "வெட்டிட்டேன். நம்ம சுருளே ஒரு சதவீதம் முன்னபின்ன இருக்கும், அதுக்குப் பன்னெண்டு இலக்கமா? கணக்கு மெஷின் கைப்பிடியச் சுத்திச் சுத்தித் தோள்பட்டையே போச்சுங்க."

"படிக்குப் படி கிட்டத்தட்ட சமமான ரெண்டு எண்ணைக் கழிக்கிறோம். முன்னாடி இருக்கிறதெல்லாம் அடிபட்டுப் போயிடும், வாலுதான் விடை. அந்த வாலை வெட்டிட்டு உக்காந்திருக்கீங்க!"

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே!"

"நீங்க எல்லாத்துக்கும்தான் கத்துறீங்க. எதைன்னு காதுல வாங்குறது?"

ஆறு வருடம் ஒரே அறையில் இருந்தும் எங்களுக்குள் 'நீங்க'தான். அந்தக் கோபத்திலும் 'நீங்க'வே வந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தாள்களை வாரிக்கொண்டு தலைவரிடம் ஓடினேன். "திங்கட்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க, ஹெர் டாக்டர். மறுபாதியையும் நானே போட்டுடறேன்."

அவர் நிதானமாகப் படித்தார். "பின்னத்துல தப்பே இல்ல, ஹெர் ட்ரேசன். நல்ல வேலை."

எனக்கு உயிர் வந்தது.

"ஆனா நீங்க லீவுல போனா அடுத்த வடிப்பானுக்கு ஆரன்ஸ்தானே கணக்குப் போடணும்? பழைய முறைன்னா அவர் எவ்வளவு வெட்டினாலும் வடிப்பான் வேலை செய்யுது."

அவர் சொன்னதில் தவறே இல்லை என்பதுதான் தாங்க முடியவில்லை.

பதினோரு சுருளுக்கான உத்தரவில் கையெழுத்துப் போட்டார். மை உலர ஊதினார். பட்டறையில் கொடுத்துவிடச் சொல்லி அதை என் கையிலேயே கொடுத்தார்.