இலை சாவதற்கு முன்னால்

ஆய்வகத்து டீ மெஷின் மட்டும் அன்றைக்குப் பழுதாகாமல் இருந்திருந்தால், பேராசிரியர் கடைசிவரை நிம்மதியாகவே இருந்திருப்பார். இலைத்துண்டில் அதைச் சாகடிக்கும் மருந்தைச் சொட்டிவிட்டு டீ குடிக்கப் போவது அவர் வழக்கம். உயிரணு சாக நேரம் பிடிக்கும், அதுவரை நுண்ணோக்கிக்குக் காவல் இருப்பானேன்? திரும்பி வந்தால் எல்லாம் முடிந்திருக்கும். செத்த உயிரணுவுக்குள், அதற்கு ஆற்றல் சமைத்துப் போட்ட மைட்டோகாண்ட்ரியாவும் செத்துக் கிடக்கும். வீட்டுக்காரர் போனபின் அடுப்பு அணைந்த கதைதான் என்று எழுதி எழுதியே பேர் வாங்கினார்.

"டீயை அப்புறம் குடிங்க, முதல்லேருந்து பாருங்க" என்று சொன்னவள் ஒருத்தி உண்டு. அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த அவர் மனைவி. முதலில் கெடுவதே அடுப்புதான் என்பது அவள் கட்சி. ஒருநாள் கூட்டத்தில், அத்தனை பேர் நடுவில், "எங்க வீட்டம்மாவுக்கு இலை மேலயும் சந்தேகம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மறுவாரமே அவள் வேலையை விட்டாள். ஏன் விட்டாள் என்பதற்கு அவர்கள் குடியிருந்த கீழ்வீட்டம்மா வாய்க்கு வந்த காரணமெல்லாம் சொல்லிப் பார்த்தாள், அந்தக் கூட்டத்துச் சிரிப்பு மட்டும் அவளுக்கே எட்டவில்லை. பேராசிரியரின் மனைவி இப்போது அச்சகமொன்றில் பிழை திருத்துகிறாள். வீட்டில் திருத்துவதில்லை.

டீ இல்லாததால் அன்று அவர் நுண்ணோக்கி மேல் குனிந்தபடியே இருந்தார். புழுப்புழுவாய் ஓடிக்கொண்டிருந்த மைட்டோகாண்ட்ரியா கொஞ்ச நேரத்தில் நின்றன. உப்பி உருண்டன. கும்பலாய் ஒட்டிக்கொண்டன. உயிரணுவோ இன்னும் உயிரோடு இருந்தது. சாவு அதற்கப்புறம்தான், ஆற அமர வந்தது.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னதுதான் சரி."

"எது? குழாய் ஒழுகுதுன்னேனே, அதுவா?"

"மைட்டோகாண்ட்ரியா. அதுதான் முதல்ல மாறுது. கண்ணால பார்த்தேன்."

அவள் திரும்பவில்லை. "இப்பதான் பார்த்தீங்களாக்கும்."

"திரும்பி வந்துடேன். உன் பேர்லயே எழுதலாம்."

"எனக்கு அதெல்லாம் மறந்துபோச்சு. விடுங்க."

மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்து நின்றது. கூட்டத்தில் அவ்வளவு சத்தமாய்ப் பேசியவருக்குச் சமையலறையில் குரல் எழும்பவில்லை. போகத் திரும்பினார்.

"மருந்து விடாத இலையையும் பக்கத்துல வச்சுப் பார்த்தீங்களா?" தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பார்த்தேன். அதுல ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு."

அவள் தட்டிலிருந்த சோப்புக் குமிழிகளை விரல் நுனியால் ஒவ்வொன்றாய் ஓரத்துக்குத் தள்ளினாள். அவை ஒன்றோடொன்று ஒட்டி, உருண்டு நின்றன. தண்ணீர் விட்டு அலசாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.